அந்த இருபது மில்லிகிராம்

எங்கள் வீட்டில் ஒரு பழி பதினைந்து வருடத்துக்கும் மேலாகத் தீராமல் கிடந்தது. 2009இல் அக்கா கல்யாணத்துக்காகச் சென்னை தியாகராய நகரில் ஒரு கடையில் பத்துப் பவுன் சங்கிலி எடுத்தோம். பில்லில் 80.12 கிராம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று ராத்திரி, கல்யாண வீட்டுக்கு உதவுமே என்று சித்தப்பா கொண்டுவந்திருந்த எலக்ட்ரானிக் தராசில் அதை வைத்துப் பார்த்தோம். 80.10. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தோம். 80.10. ஃபேனை நிறுத்திவிட்டு வைத்தோம். அப்போதும் அதேதான். சித்தப்பா பாரிமுனையில் தராசு விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறவர். "கிளம்புறதுக்கு முன்னாடி கடையிலேயே நூறு கிராம் கல்லை வச்சு சரிபார்த்துதான் எடுத்துட்டு வந்தேன் அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். ஆக, தராசின் மேல் குற்றமில்லை. மிச்சம் இருந்தது நகைக்கடைக்காரர் ஒருவர்தான். ஆயா யோசிக்கவே இல்லை. "கை வச்சுட்டான்" என்றாள்.

இருபது மில்லிகிராம் தங்கம் அன்றைய விலைக்கு முப்பது ரூபாய் பெறும். யாரும் அந்தப் பணத்துக்காக வருத்தப்படவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஒரு சந்தேகம் நுழைந்துவிட்டால் அதற்கு ஒரு இலை போட்டே ஆகவேண்டும். மறுநாள் காலை அப்பா சங்கிலியை எடுத்துக்கொண்டு பஜார் தெருவில் எங்களுக்குப் பழக்கமான பத்தரிடம் போனார். நானும் கூடவே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய இரு தட்டுத் தராசு. ஒரு தட்டில் சங்கிலி, மறு தட்டில் குட்டிக் குட்டியாகப் பித்தளைக் கற்கள், கடைசியில் இடுக்கியால் எடுத்துவைத்த தகட்டுத் துண்டுகள். முள் நடுவில் நின்றது. "எண்பது, பன்னெண்டு. பில்லு கரெக்டுதான் முதலியாரே" என்றார் பத்தர். இதைக் கேட்டு ஆயா சமாதானம் ஆகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. "ஒரே தொழில்காரனுங்க. ஒருத்தனை ஒருத்தன் விட்டுக்கொடுப்பானா?" என்று பத்தரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள். சரியான விடையைப் பத்தரின் தராசு எங்கள் முகத்துக்கு நேராகவே நீட்டியது. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

அந்தக் கடைப் பக்கம் அதன்பின் நாங்கள் போகவில்லை. ஆயா 2016இல் போய்ச் சேர்ந்தாள், அதே முடிவோடு. எனக்கு மட்டும் அந்தப் பத்தரின் முள் மனதில் எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

கயெனுக்குப் போன கடிகாரம்

விடை, தெரிந்தவர்களுக்கு ஒரு வரிதான். எலக்ட்ரானிக் தராசு பொருளின் நிறையை நேராக அளப்பதில்லை. பூமி அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, அந்த இழுப்பைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. சென்னை கடல்மட்டத்தில் இருக்கிறது, பெங்களூரு அதற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால் வித்தியாசத்துக்கு உயரமே முக்கியக் காரணம். ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் ஈர்ப்பு ஒரு கோடியில் மூன்று பங்கு குறைகிறது. 900 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 80 கிராமுக்கு இருபது மில்லிகிராம் சொச்சம் வரும். சங்கிலி குறையவில்லை. சென்னையின் இழுப்புக்குப் பழக்கிய தராசைப் பெங்களூரில் கொண்டுவந்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். பத்தரின் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இழுப்பு குறைந்தால் இரண்டு தட்டிலும் சேர்ந்தே குறையும், முள் அசையாது.

நாங்கள் செய்த தவறு பழைய தவறு என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் தீவுக்கு ஓர் ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பாரிஸில் ஒழுங்காக ஓடியது கயெனில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் சுருக்கினால்தான் நேரம் சரியாக வந்தது. வெயிலில் உலோகம் நீண்டிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. நியூட்டன் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, பூமி சுழல்வதால் நடுவில் பருத்திருக்கிறது, நிலநடுக்கோட்டை நெருங்கினால் இழுப்பு குறையும் என்று காட்டினார். நம் ஊரிலும் இந்த ஊசல் வேலை நடந்திருக்கிறது. 1860களில் இந்திய நில அளவைத் துறைக்காக பாசெவி என்ற ராணுவப் பொறியாளர் ஊசல்களைத் தூக்கிக்கொண்டு தெற்கிலிருந்து இமயம் வரை இடம் இடமாக அளந்தார். 1871இல் லடாக் உயரத்தில் அந்த வேலையின் நடுவிலேயே இறந்துபோனார். ஈர்ப்பு என்பது பாடப்புத்தகத்தில் 9.8 என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகும் விஷயம் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த எண்ணின் நான்காவது இலக்கத்துக்காக ஒரு மனிதர் உயிரை விட்டிருக்கிறார் என்பது கொஞ்ச நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

விழுகிற மேகம்

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரின் வடக்கே ஓர் ஆய்வகம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த நாள். பத்தாவது படிக்கும் மகளோடு வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓர் இருட்டறைக்குள் போனோம். மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகளும் லென்ஸ்களும், நடுவில் பல கைகள் முளைத்த எஃகுப் பாத்திரம் ஒன்று, பக்கத்தில் ஒரு திரை. திரையில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. நான் மகளிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மாணவி "நீங்க தமிழாண்ணா?" என்றார். தூத்துக்குடிக்காரர். அப்புறம் ஆங்கிலத்தை விட்டுவிட்டார், எனக்கு நல்ல காலம்.

அந்தப் பஞ்சு, ரூபிடியம் என்ற உலோகத்தின் பல கோடி அணுக்கள் சேர்ந்த மேகம். சாதாரண அறையில் ஒரு ரூபிடியம் அணு நொடிக்கு முந்நூறு மீட்டருக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருக்கும். அதைக் கீழே போட்டு அளப்பது நடக்கிற காரியமில்லை. எனவே ஆறு பக்கமிருந்தும் லேசரால் தள்ளுகிறார்கள். அல்சூர் பூப்பல்லக்கு அன்று கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது உடனே புரியும்: எல்லாப் பக்கமும் இடித்தால் மனிதன் நின்ற இடத்திலேயே நிற்பான். ஒரு நுணுக்கம் மட்டும் கூடுதல். லேசரின் அதிர்வெண்ணை அணு விரும்பும் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வைக்கிறார்கள். ஒளியை எதிர்த்து ஓடும் அணுவுக்குத்தான் அந்த ஒளி பொருத்தமாகத் தெரியும், ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகக் கேட்பதுபோல. எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்து லேசர்தான் அதிகம் இடிக்கும். இப்படி இடிபட்டு இடிபட்டு, தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாது) மேலே ஒரு டிகிரியின் மில்லியனில் சில பங்கு என்ற அளவுக்கு மேகம் குளிர்ந்துவிடுகிறது. அணுக்களின் ஓட்டம் நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டர். எறும்பு வேகம். இந்த வித்தைக்காக ஸ்டீவன் சூ, கோஹன்-தனூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் நோபல் கிடைத்தது.

பிறகு லேசரை அணைத்துவிடுவார்கள். மேகம் வெற்றிடத்தில் விழும். விழும்போது மூன்று முறை ஒளி மின்னும். முதல் மின்னலில் ஒவ்வோர் அணுவும் இரண்டு வழிகளில் ஒரே சமயத்தில் போகத் தொடங்குகிறது. ஒரு வழியில் ஒளியின் உதை வாங்கி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வேகம் மாறி, இன்னொரு வழியில் உதை வாங்காமல். இந்த இடத்தில் என் மகள் "ஒரே அணுவா?" என்று கேட்டாள். "ஒரே அணுதான்மா" என்றார் அந்த மாணவி, பேருந்து நம்பர் சொல்வதுபோல. இரண்டாவது மின்னல் உதையை இடம் மாற்றிக் கொடுக்கும். மூன்றாவது இரண்டு வழிகளையும் ஒன்றுசேர்க்கும். சேரும்போது அணு தன்னோடு தானே அலையாகக் கலந்து, எந்த நிலையில் வெளியே வருகிறது என்பதில் அது விழுந்த தூரம் பதிவாகியிருக்கும். ஒளியின் அலைகளே இங்கே அளவுகோல். கோட்டுக்குக் கோடு 390 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் நூறு கோடுகளுக்கு மேல் அடங்கும். மின்னலுக்கு மின்னல் பத்தில் ஒரு நொடி இடைவெளி விட்டால், ஈர்ப்பின் காரணமாக மட்டும் அலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம், இரண்டரை லட்சம் சுற்று சுற்றிவிடுகிறது. அதில் ஒரு சுற்றின் சிறு பகுதியைக்கூடப் படித்துவிட முடியும். ஸ்டான்ஃபோர்டில் சூவின் குழு சீசியம் அணுக்களை வைத்து 1999இல் வெளியிட்ட அளவீட்டின் நுட்பம் நூறு கோடியில் மூன்று பங்கு. அக்காவின் சங்கிலியை அந்த நுட்பத்தோடு நிறுத்தால் கால் மைக்ரோகிராம் வித்தியாசம் தெரியும். நிலா வானத்தில் இடம் மாறுவதால் மட்டுமே ஒரு நாளில் அந்தச் சங்கிலியின் எடை பதினைந்து, இருபது மைக்ரோகிராம் அளவுக்கு ஏறி இறங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயாவிடம் இதைச் சொல்லியிருந்தால் நிலாவையும் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

இடையில் ஒன்று. அந்த மின்னலுக்கு ராமன் துடிப்பு என்று பெயர். சற்றே வேறுபட்ட இரண்டு ஒளிக்கற்றைகள், ஒன்றிலிருந்து வாங்கி இன்னொன்றில் கொடுத்து அணுவை நிலை மாற்றும் முறை அது. அடிப்படை 1928இல் கல்கத்தாவில் சி.வி.ராமன் கண்டது. திருவானைக்காவலில் பிறந்து, 1933இல் பெங்களூரு வந்து, 1948இல் இங்கேயே தன் பெயரில் நிலையம் தொடங்கி, 1970இல் அதன் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டவர். மேக்ரி சர்க்கிள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்த நிலையத்தின் மதிலைப் பார்த்திருக்கிறேன். உலகில் எங்கே ஒரு அணு இந்த முறையில் விழுந்து அளக்கப்பட்டாலும் அந்தப் பெயரைத் தொட்டுக்கொண்டு விழுகிறது என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

தரை ஆடுகிறது

நான் கேட்ட கேள்வி சாதாரணமானது. "இதுல கஷ்டமே அணுவைப் பிடிக்கிறதுதானே?" என்றேன். அவர் சிரித்தார். குனிந்து, எஃகுப் பாத்திரத்துக்கு அடியில் கை காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி, தடித்த ஒரு மேடைமேல். மேலிருந்து வரும் லேசரைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி. "அணு விழும்போது அதைத் தொந்தரவு பண்ண யாருமே இல்லண்ணா. அது சுத்தமா விழுது. அது எவ்வளவு தூரம் விழுந்துச்சுன்னு நாம இந்தக் கண்ணாடியை வச்சுத்தான் சொல்றோம். கண்ணாடி தரையில நிக்குது. தரை ஆடுது. எங்க பாடு முழுக்க இந்தத் தரையோடதான்." பகலில் பேருந்து ஓடுகிறது, லிஃப்ட் ஓடுகிறது, உருப்படியான அளவெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் கிடைக்கிறது என்றார்.

நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பின்னால் வரிசை தள்ளியது, மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு முன்னால் ஒரு மேஜையும் ஒரு சங்கிலியும் நின்றன. அந்த ராத்திரி எங்கள் கூடத்தில் சங்கிலியைத் திருப்பித் திருப்பி வைத்தோம், ஃபேனை நிறுத்தினோம், கடைக்காரரை ஏசினோம், பத்தரை ஏசினோம். தராசு எந்த ஊர்த் தரையில் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கால் வைத்து நிற்கும் இடத்தைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? 2011 அக்டோபரில் எங்கள் பக்கம் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் லேசாகச் சிணுங்கும். அதைக்கூட ஒரு மாதத்தில் காது மறந்துவிட்டது.

தரையின் ஆட்டத்தை அடக்க மேடைக்கு ஸ்பிரிங் போடுகிறார்கள், பக்கத்தில் நிலநடுக்கமானி வைத்து ஆட்டத்தைக் கணக்கில் கழிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு வழி. ஒன்றுக்கு இரண்டாக, மேலே ஒரு மேகம், கீழே ஒரு மேகம். இரண்டையும் ஒரே லேசரால், ஒரே கண்ணாடியை வைத்து ஒரே நேரத்தில் அளப்பது. கண்ணாடி எப்படி ஆடினாலும் அந்த ஆட்டம் இரண்டு மேகத்தின் கணக்கிலும் ஒரேபோல் ஏறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போய்விடும். மிஞ்சுவது மேலுக்கும் கீழுக்கும் உள்ள ஈர்ப்பு வித்தியாசம் மட்டும். பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் இப்படி ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டுபோய், சாலைக்கு அடியில் புதைந்திருந்த இரண்டு மீட்டர் அகல, உயரச் சுரங்கத்தை மேலிருந்தே கண்டுபிடித்து 2022இல் எழுதினார்கள். அடியில் மண் இல்லாத இடத்தில் இழுப்பு இம்மி குறைகிறது, அது அவர்களுக்குத் தெரிந்தது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தட்டு, ஒரே முள். வெற்றிடமும் லேசரும் வைத்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், பஜார் தெருப் பத்தர் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கருவிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நிறையச் சொல்லலாம். இத்தாலியின் எட்னா எரிமலையில் ஒன்றை வைத்து அடியில் குழம்பு நகர்வதைக் கவனித்திருக்கிறார்கள். நிலத்தடியில் ஒரு மீட்டர் தடிமனுக்கு நீர் பரவிச் சேர்ந்தால் மேலே ஈர்ப்பு ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது லட்சத்தில் ஒரு பங்கு கூடும். குளிர்ந்த அணுக்களுக்கு அது பெரிய எண். 2024 கோடையில் தண்ணீர் லாரிக்காக நின்றவன் என்ற முறையில், நம் ஊரின் பாறைக்கடியில் என்ன மிச்சமிருக்கிறது என்று இப்படிப் பார்க்க முடியுமா என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே தண்ணீர் கல்லிடுக்கில்தான் கிடக்கிறது; கல்லே பெரும்பங்கு, நீர் கொஞ்சம். சமிக்ஞையும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். என் மனம் போவது இன்னொரு பக்கம். 2019 மே 20 முதல் கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே பெட்டகத்தில் இருக்கும் உலோகக் கட்டி அல்ல. இயற்கையில் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுத்துவிட்டார்கள். அதை நடைமுறையில் கொண்டுவரும் கிப்பிள் தராசு, எடையை மின்விசையால் தாங்கிப் பிடிப்பது. அதற்கு அந்த அறையில் ஈர்ப்பு எவ்வளவு என்று மிகத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். பிரான்ஸில் அந்த வேலைக்கு விழும் ரூபிடியம் மேகத்தைத்தான் பயன்படுத்தினார்கள். கிலோவை நிர்ணயிக்கிறவர்களுக்கே, முதலில் நிற்கும் இடத்தைக் கேட்காமல் முடியவில்லை.

பெரம்பூர்

போன பொங்கலுக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் பெரம்பூர் போனபோது அந்தப் பழைய தராசையும் பையில் போட்டுக்கொண்டேன். கூடவே, பஜார் தெருவில் வாங்கிய நூறு கிராம் எடைக்கல் ஒன்று. அல்சூரில் மூன்று முறை வைத்துக் குறித்துக்கொண்டது: 99.91. தராசுக்கும் வயதாகிவிட்டது, சரியாக நூறு காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா வீட்டுக் கூடத்தில், தரையில் வைத்து, அரைமணி நேரம் சூடாக விட்டுப் போட்டேன். 99.94. எடுத்துவிட்டு வைத்தேன். 99.94. மூன்று புள்ளி. கணக்குப்படி இரண்டரை வரவேண்டும். கடைசி இலக்கத்தை இந்தத் தராசு அப்படித்தான் சொல்லும்.

சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான் ரூபிடியத்திலிருந்து ஆரம்பித்துப் பத்தர்வரை சொல்லி முடித்தேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தராசைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் தடவினார்.

"இதுலயே போட்டிருக்கும்ப்பா. இடம் மாத்தினா திரும்பக் கல் வச்சு சரிபண்ணணும்னு. ஊட்டிக்கு வாங்கிட்டுப் போறவங்க எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன்."

"அப்ப அன்னைக்கு ஏன் சித்தப்பா சொல்லல?"

"அன்னைக்குத் தோணலடா. சத்தியமா. ரெண்டு நாள் கழிச்சு, மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்குத்தான் பொட்டுனு ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள உங்க ஆயா அல்சூர் பூரா சொல்லி முடிச்சுட்டா. அவ்வளவு பேர் முன்னால போய், நான் கொண்டாந்த தராசுதான் தப்புன்னு எப்படிச் சொல்றது? முப்பது ரூபாய்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் எதுவும் சொல்லவில்லை. சித்தப்பா எடைக்கல்லைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தார்.

"இப்ப எந்த மாடியில இருக்கே?"

"மூணாவது."

"அப்ப அங்க போனதும் ஒருதடவை கல்லு வச்சுப் பாத்துக்கோ."

மூன்று மாடி உயரம் இந்தத் தராசுக்குத் தெரியாது, அதற்கு அணுக்கள் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி காபி கொண்டுவந்துவிட்டார்.